சிக்னல் லைட்டும் வலக்கையும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்த கையோடு, எமது பழைய மாணவர் ஒருவர் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருடைய வாப்பா ஓடித்திரிந்த 125 சீ.சீ. ஹொண்டா. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த எத்தனையோ பழைய சைக்கிள்கள் வெளியே வந்து உயிர்பெற்றன அல்லவா, இதுவும் அப்படி வந்ததுதான். தாங்கிக்குப் புதுப் பெயின்ற், தட்டையான புது சீற். முன்னும் பின்னும் நீளக் காம்பில் நின்ற பெரிய செம்மஞ்சள் சிக்னல் லைட்டுகளைக் கழற்றிவிட்டு, சுண்டுவிரல் அளவில் கறுப்புக் கண்ணாடி போட்ட எல்.ஈ.டி. லைட்டுகள் பூட்டியிருந்தார். ஹேண்டிலில் புதிதாக ஒரு சுவிட்சுப் பெட்டி. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

"சேர், எல்லாம் சரி. வலது போட்டா நாலும் சேர்ந்து பத்துது. இடது போட்டாலும் நாலும்தான். கராஜ் பாஸுக்கும் விளங்கல்ல. நீங்க எங்களுக்கு ரெண்டு வருசம் விஞ்ஞானமும் படிப்பிச்சதானே?"

நாம் வரலாறு படிப்பிப்பவர்கள். ஆசிரியர் இல்லாத காலத்தில் விஞ்ஞானத்துக்கும் போய் நின்றோம், அவ்வளவுதான். ஆனாலும் பிள்ளை நம்பி வந்துவிட்டது. நாலும் சேர்ந்து எரிவதற்கான காரணத்தைக் கண்டுபிடித்தோம். அதைக் கீழே சொல்கிறோம். அதைத் தேடப் போன இடத்தில், இந்தச் சின்ன லைட்டுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருப்பது தெரிந்தது. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு கேள்வி. மோட்டார் சைக்கிளில் சிக்னல் லைட் இல்லை என்று வையுங்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டும். என்ன செய்வீர்கள்?

கையை நீட்டுவோம் என்பீர்கள். எந்தக் கை?

நாம் வீதியின் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். இடப்பக்கம் திரும்புவது பெரிய வேலை இல்லை. வலப்பக்கம் திரும்புவதில்தான் உயிர் போகிறது. நடுவீதிக்கு வர வேண்டும், எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும், பின்னால் வருபவருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பதற்கு நீட்ட வேண்டியது வலக்கை. மோட்டார் சைக்கிளில் அக்சிலேட்டர் இருப்பதும் அந்தக் கையில். முன் பிரேக் இருப்பதும் அந்தக் கையில். கையை எடுத்த உடனே இழுவை விழுகிறது, பிரேக்கில் பாதி இல்லாமல் போகிறது, ஹேண்டில் ஒற்றைக் கையில் ஆடுகிறது. எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுகிற அந்த நொடியில்தான் இவ்வளவும் நடக்கிறது.

இந்தச் சைகைகளை எழுதி வைத்தவர்கள் மோட்டார் சைக்கிளை மனதில் வைத்து எழுதவில்லை என்றே நமக்குப் படுகிறது. பிரித்தானியா தன் முதல் 'ஹைவே கோட்' என்ற வீதி நெறி நூலை 1931இல் வெளியிட்டபோது அதில் கைச் சைகைகளுக்குப் பெரிய இடம் இருந்தது. அவை கார்ச் சாரதியின் உடம்புக்கு ஏற்றவை. கார்ச் சாரதி வலப்பக்கம் இருக்கிறார். ஜன்னலால் வலக்கையைப் போடுகிறார். கியர் மாற்றுவது இடக்கை. அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இடப்பக்கம் திரும்புவதற்குக்கூட அவர் வலக்கையைத்தான் வெளியே போட்டு வட்டமாகச் சுழற்றுவார், ஏனென்றால் இடக்கை வெளியே தெரியாது. எமது மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அந்தக் காலத்துச் சைகைகளைச் சாரதிப் பரீட்சைக்காக எமது பிள்ளைகள் இன்றும் பாடமாக்குகிறார்கள். பரீட்சை முடிந்த அடுத்த நாள் மறந்தும் விடுகிறார்கள்.

எமது ஊர்களில் இதற்கு ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். பின்னால் இருப்பவர் கையை நீட்டுவார். வாப்பா ஓடுவார், பின்னால் இருக்கும் பிள்ளை சந்தி வந்ததும் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு இருக்கும். உம்மா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு கையை நீட்டுவார். இன்றும் சிக்னல் பழுதான சைக்கிள்களில் இதைப் பார்க்கலாம். தனியே போகிறவருக்குத்தான் வழி இல்லை.

இனி லைட்டின் கதைக்கு வருவோம். சிக்னலுக்கு முன்னர் ஹெட் லைட்டே பெரும் பாடாக இருந்தது.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் இருந்தது காபைட் விளக்கு. மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல்சியம் காபைட்தான். அதன்மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும்; அசற்றிலீன் வாயு வரும்; அதைத் தீக்குச்சியால் கொளுத்த வேண்டும். சுவிட்ச் என்பது ஒரு சின்னத் தண்ணீர்க் குழாயும் தீப்பெட்டியும்தான். இருட்டத் தொடங்கினால் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, குழாயைத் திறந்து, காற்றுக்குக் கையை மறைத்துக்கொண்டு கொளுத்த வேண்டும். அணைப்பதும் உடனே நடக்காது. விழுந்த தண்ணீர் தீரும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும்.

மின்சாரம் மெல்ல வந்தது. 1914இல் 'இந்தியன்' என்ற கம்பனி ஹெண்டி ஸ்பெஷல் என்ற மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. பெயர்தான் இந்தியன், செய்தது அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில். மின் லைட்டோடு, சுவிட்ச் போட்டால் இயந்திரம் தானே ஸ்டார்ட் ஆகும் வசதியும் அதில் இருந்தது. அந்தக் காலத்து பெட்டரி அதைத் தாங்கவில்லை. சீக்கிரமே கைவிட்டார்கள்.

பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களின் மின்சாதனங்களுக்குப் பெயர் போனது பேர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பனி. ஜோசப் லூகாஸ் தள்ளுவண்டியில் எண்ணெய் விற்கத் தொடங்கியவர். 1879 அளவில் சைக்கிளுக்கு 'வீதியின் ராஜா' என்ற பெயரில் ஓர் எண்ணெய் விளக்கைக் கொண்டுவந்தார். பின்னாட்களில் அந்தக் கம்பனியின் மின் லைட்டுகள் அடிக்கடி அணைந்துபோவதைக் கண்ட ஓட்டுநர்கள் நிறுவனருக்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டம் கட்டினார்கள். ராஜாவில் தொடங்கி இளவரசருக்கு இறங்கியது பாவம்தான்.

அந்தக் காலத்துச் சைக்கிள்களில் லைட் சுவிட்ச் எங்கே இருந்தது தெரியுமா? ஹெட் லைட்டின் முதுகில். வட்டமான ஒரு திருகு. முன்னுக்குக் குனிந்து, ஒரு கையை எடுத்து, திருக வேண்டும். 1949ஆம் ஆண்டு மாடல்களில் ட்ரயம்ப் கம்பனி ஹெட் லைட்டைச் சுற்றி அழகான ஒரு கூடு அமைத்து, வேகமானி, மின்னோட்டமானி, லைட் சுவிட்ச் எல்லாவற்றையும் அதற்குள் வரிசையாகப் பதித்தது. பார்ப்பதற்குக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் கை இன்னமும் ஹேண்டிலை விட்டுத்தான் அங்கே போக வேண்டும். விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தவை ஹோர்னும் டிம் சுவிட்சும் மட்டுமே.

கார்களோ இதற்குள் வெகுதூரம் போய்விட்டன. ஊமைப்பட நடிகை ஃபுளோரன்ஸ் லோரன்ஸ் 1914 அளவிலேயே தன் காருக்கு ஒரு கருவி செய்துகொண்டார். பொத்தானை அழுத்தினால் பின்பக்கம் ஒரு கொடிக்கை எழும்பும். காப்புரிமை எடுக்கவில்லை, ஆகவே காசும் வரவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது, கடையில் இல்லை, தானே பூட்டினார். இந்தக் கதையில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் வருவார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் காரின் கதவுத் தூணிலிருந்து வெளியே குதிக்கும் செம்மஞ்சள் கை. எமது ஊர்ப் பெரியவர்களுக்கு மொரிஸ் மைனரில் பார்த்த நினைவு இருக்கும். சுவிட்ச் போட்டதும் 'டக்' என்று கை வெளியே வரும், உள்ளே லைட் எரியும். சில நேரம் வராது. சாரதி கதவுத் தூணில் ஒரு குத்து விட்டால் வரும். மொரிஸ் மைனர் 1961 வரை அந்தக் கையோடுதான் வந்தது. மினுங்குகிற லைட்டை அமெரிக்காவின் பியூயிக் கார் 1939 மாடலில் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருட மாடலில் முன்பக்கத்துக்கும் வந்தது, திரும்பி முடிந்ததும் தானே அணையவும் செய்தது.

அப்படியானால் மோட்டார் சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு தாமதம்? கை அதிகமாகத் தேவைப்பட்டது அதற்குத்தானே?

காரணம் மின்சாரம். கணக்கைப் பாருங்கள். அக்காலத்துப் பெரிய பிரித்தானியச் சைக்கிள்களில் இருந்த லூகாஸ் டைனமோ 6 வோல்ட்டில் 60 வாட் தரும். அதுவும் நல்ல வேகத்தில் ஓடும்போது. ஹெட் லைட்டுக்கு 30 வாட் போய்விடும். முன்னும் பின்னும் 21 வாட் சிக்னல் பல்ப் இரண்டு எரிந்தால் 42. கூட்டினால் 72. பின் லைட்டையும் பிரேக் லைட்டையும் நாம் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. மழை இரவில் சந்தியில் சிக்னலைப் போட்டுக்கொண்டு நின்றால் ஹெட் லைட் மங்கி மஞ்சளாகிவிடும். ஆறு வோல்ட் ஹொண்டா ஓடியவர்களுக்கு இது விளங்கும். சைக்கிள் ஐட்லிங்கில் நிற்கும்போது சிக்னல் மினுங்காமல் 'அரை உயிரில்' எரியும், அக்சிலேட்டரை முறுக்கினால்தான் 'டிக் டிக்' கேட்கும். இதற்கு மேல் இயந்திரத்தின் நடுக்கம். காரில் வருடக்கணக்கில் எரியும் பல்ப், சைக்கிளில் காம்பின் நுனியில் ஆடி ஆடி இழை அறுந்துபோகும்.

ஜேர்மனியர்கள் ஒரு சூட்சுமம் செய்தார்கள். ஹெல்லா கம்பனி செய்த சிக்னல் லைட் ஹேண்டிலின் இரண்டு நுனிகளிலும் பொருந்தும். 1950களிலும் 60களிலும் பீ.எம்.டபிள்யூ. சைக்கிள்களில் அதைப் பூட்டினார்கள். ஜேர்மன் மொழியில் அதற்கு 'எருதுக் கண்' என்று பெயர். ஒரே லைட் முன்னுக்கும் தெரியும், பின்னுக்கும் தெரியும். ஆகவே நான்குக்குப் பதில் இரண்டு போதும், மின்சாரம் மிச்சம். ஹேண்டில் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் இடமும் வலமும் பிரிந்து தெரியும். இன்றைய இளைஞர்கள் 'பார் எண்ட்' என்று வாங்கிப் பூட்டுவது இதன் பேரப்பிள்ளைதான்.

ஆனால் சாதாரண மனிதனின் சைக்கிளுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர்கள். 1958 ஓகஸ்டில் ஹொண்டா சுப்பர் கப் வந்தது. 50 சீ.சீ. எமது ஊரில் 'ஹொண்டா ஃபிஃப்டி' என்று மௌலவிமாரும் தபால்காரரும் மீன்காரரும் ஓடினார்களே, அந்தப் பரம்பரைதான். 2017இல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. இயந்திரம் பூட்டிய எந்த வாகனமும் ஒரே பெயரில் அவ்வளவு செய்யப்பட்டதில்லை. நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சொயிச்சிரோ ஹொண்டாவின் எண்ணம் என்று சொல்வார்கள். அதனால் இடக்கைக்குக் கிளச் இல்லை. ஜப்பானில் ஓடிய சுப்பர் கப்பில் சிக்னல் சுவிட்சும் இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம், அக்சிலேட்டர் பிடிக்கிற அதே கையின் பெருவிரலுக்குக் கீழே.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசித்தோம். ஜப்பானும் எம்மைப் போல இடப்பக்கம் ஓடுகிற நாடு. அங்கும் வலப்பக்கம் திரும்புவதே ஆபத்து. எந்த வலக்கை அதுவரை அக்சிலேட்டரை விட்டுவிட்டு வெளியே நீள வேண்டியிருந்ததோ, அதே வலக்கை பிடித்த பிடியை விடாமல், பெருவிரலை மட்டும் அசைத்துச் செய்தியைச் சொல்லிவிட்டது. ஒரு தட்டு நூடில்ஸுக்காகச் செய்த ஏற்பாடு என்றாலும் எத்தனை உயிரைக் காத்திருக்கும்!

மேற்கு நாடுகள் பின்னால்தான் வந்தன. பிரித்தானியாவின் ட்ரயம்ப்பும் பீ.எஸ்.ஏ.யும் 1971 மாடல்களில்தான் சிக்னல் லைட்டைப் பரவலாகப் பூட்டின. அதுவரை அங்கே சிக்னல் வேண்டியவர் தனியாக வாங்கி, தானே வயர் இழுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். 1973 முதல் அமெரிக்கா, மிகச் சிறியவை தவிர, புதிய மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றுக்கும் சிக்னலைக் கட்டாயமாக்கியது. 1974 செப்ரெம்பரில் இன்னொரு விதி: எந்தக் கருவி எங்கே இருக்க வேண்டும் என்பது. கிளச்சும் ஹோர்னும் டிம் சுவிட்சும் இடக்கையில். அக்சிலேட்டர், முன் பிரேக், இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்ச் வலக்கையில். கியர் இடக்காலில், பின் பிரேக் வலக்காலில். அதற்கு முன்னர் பிரித்தானியச் சைக்கிளில் கியர் வலக்காலில் இருந்தது. ஒரு சைக்கிளில் பழகியவர் இன்னொன்றில் ஏறி, பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்த காலம் அது. அமெரிக்கா பெரிய சந்தை. இன்று ஹம்பாந்தோட்டையிலிருந்து பருத்தித்துறை வரை எந்தச் சைக்கிளில் ஏறினாலும் கை தேடாமல் சுவிட்சைக் கண்டுபிடிக்கிறது என்றால், அதற்கு அந்த விதியும் ஒரு காரணம்.

போட்ட சிக்னலை அணைக்க மறப்பது அடுத்த பிரச்சினை. காரில் ஸ்டியரிங் திரும்பி வரும்போது தட்டிவிடும். சைக்கிளில் ஹேண்டில் அவ்வளவு திரும்புவதே இல்லை. 1970களின் பிற்பகுதியில் யமஹா சில மாடல்களில் நேரத்தையும் ஓடிய தூரத்தையும் அளந்து தானே அணையும் ஏற்பாட்டைச் செய்தது. 2006 அளவில் பஜாஜ் பல்சரிலும் தானே அணையும் சிக்னல் வந்தது. ஆனாலும் எமது வீதிகளில் ஓடும் பெரும்பாலான சைக்கிள்களில் இன்றும் பெருவிரல்தான் அணைக்க வேண்டும். இடது சிக்னல் மினுங்க ஒருவர் நேரே வந்துகொண்டிருக்கிறார். கிளை வீதியில் நிற்பவர் அவர் திரும்பப் போகிறார் என்று நம்பி முன்னே வருகிறார். இப்படி நடந்த ஒன்றுக்குப் பிறகு ஜனாஸாவில் நின்றிருக்கிறோம். அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

இப்போது எமது மாணவரின் நான்கு லைட்டுக்கு வருவோம்.

சிக்னல் மினுங்குவது பழைய ரிலேயில் எப்படி? விரிவடையும் வேகம் வேறுபட்ட இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு உள்ளே இருக்கும். மின் ஓடினால் சூடாகி வளையும், தொடுப்பு விடுபடும், லைட் அணையும். ஆறினால் பழையபடி தொடும், லைட் எரியும். நாம் கேட்கும் 'டிக் டிக்' அதுதான். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மினுங்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்ற அளவு. இந்தத் தகடு சூடாவதற்குப் பல்ப் இழுக்கும் மின்னோட்டம் வேண்டும். எல்.ஈ.டி. இழுப்பது அதில் சொற்பம். ஆகவே தகடு சூடாகாது. லைட் மினுங்காமல் எரிந்தபடி நிற்கும். பல்புக்கு என்று செய்த சில இலத்திரனியல் ரிலேக்களோ பல்ப் ஒன்று எரிந்துபோய்விட்டது என்று நினைத்து அவசர அவசரமாக மினுங்கும். எல்.ஈ.டி.க்கு என்றே விற்கும் ரிலே போட்டால் சரி. சிலர் லைட்டோடு ஒரு தடையியைச் சேர்த்துப் பொருத்துவார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக்கில் பட விடக்கூடாது.

எமது மாணவர் ரிலே மாற்றியிருந்தார். பிழை அங்கே இல்லை. மீட்டரில் இருக்கும் ஒற்றைப் பச்சைப் பல்பில் இருந்தது.

பழைய ஹொண்டாக்களில் இடதுக்கும் வலதுக்கும் மீட்டரில் ஒரே பைலட் பல்ப்தான். அதன் ஒரு முனை இடது சிக்னல் வயரில் (ஹொண்டாவில் அது செம்மஞ்சள் நிறம்), மறுமுனை வலது வயரில் (இளநீலம்). இடது சிக்னலைப் போட்டால் மின் பைலட் பல்பைக் கடந்து, வலது பக்கத்துப் பெரிய பல்புகளின் இழைகளால் ஓடி, பொடியில் எர்த் ஆகும். வலதைப் போட்டால் எதிர்த் திசையில் ஓடும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பல்ப், மேலதிக வயர் ஒன்றும் தேவையில்லை. எவ்வளவு சிக்கனமான மூளை! அந்தச் சின்னப் பல்பைக் கடந்து வரும் மின்னோட்டம் கால் அம்பியர்கூட இருக்காது. 21 வாட் பல்புக்கு அது போதாது, எரியாது. ஆனால் எல்.ஈ.டி.க்கு அது தாராளம். அதனால் மறுபக்கமும் சேர்ந்து எரிகிறது. நாலும் பத்துது.

தீர்வு இரண்டு டயோட். பாடப்புத்தகத்தில் இருவாயி என்று படித்தோமே, அதுதான். மின்னை ஒரு திசையில் மட்டும் விடுவது. இரண்டு சிக்னல் வயரிலிருந்தும் ஒவ்வொரு டயோட் வழியாகப் பைலட் பல்பின் ஒரு முனைக்குக் கொண்டுவந்து, மறுமுனையை எர்த்துக்குக் கொடுத்தோம். செலவு ஒரு பிளேன்டீக்கும் வராது.

புதிய சுவிட்சுப் பெட்டியையும் பார்த்தோம். மேலதிகமாக ஒரு ஸ்பொட் லைட் பூட்டி அதன் முழு மின்னையும் அந்தச் சின்னச் சுவிட்சாலேயே ஓட விட்டிருந்தார். 55 வாட் லைட் 12 வோல்ட்டில் நான்கரை அம்பியர் இழுக்கும். அந்தச் சுவிட்ச் அதைத் தாங்காது. உள்ளே உருகும், சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உருகும். சுவிட்ச் ஒரு ரிலேயை மட்டும் இயக்க வேண்டும். லைட்டின் மின் பெட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ரிலேக்கு நேரே வர வேண்டும். மேலதிக லைட் பூட்டும் தம்பிமார் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

சுவிட்ச் என்றதும் இன்னொரு விடயம். புதிய சைக்கிள்களில் ஹெட் லைட்டை அணைக்கும் சுவிட்சே இல்லை, கவனித்தீர்களா? 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய மோட்டார் சைக்கிள்களில் இயந்திரம் ஓடும்போது ஹெட் லைட் தானே எரிய வேண்டும் என்று விதித்தார்கள். எமக்கு வரும் சைக்கிள்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான். ஹெட் லைட்டின் முதுகிலிருந்து விரல் நுனிக்கு வர அரை நூற்றாண்டு எடுத்த சுவிட்ச், வந்து கொஞ்ச நாளில் காணாமல் போய்விட்டது. பகலில் லைட் எரியுது என்று எதிரே வருபவர்கள் கையைச் சுருக்கி விரித்துக் காட்டியே களைத்துப் போனார்கள்.

புதிதாகச் சேர்ந்த சுவிட்சும் உண்டு. நான்கு சிக்னலையும் ஒன்றாகப் போடும் ஹசார்ட் சுவிட்ச். பழுதாகி ஓரத்தில் நிற்கும்போது போடுவதற்கு. எமது ஆட்கள் சந்தியில் நேரே போவதற்கு அதைப் போடுகிறார்கள்! ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு லைட் மட்டுமே தெரியும். அவர் நீங்கள் தன் பக்கம் திரும்புகிறீர்கள் என்று நினைப்பார். நேரே போவதற்கு எந்த சிக்னலும் தேவையில்லை.

2025 தொடக்கத்தில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டிய லைட்டையும் ஹோர்னையும் அலங்காரத்தையும் கழற்றச் சொன்னபோது முகநூல் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாம் இரண்டு பக்கமும் நிற்கவில்லை. மாற்றிப் பூட்டுவது குற்றம் என்றால் சிக்னல் லைட்டே வந்திருக்காது. ஃபுளோரன்ஸ் லோரன்ஸிலிருந்து, கம்பனி தராததைத் தானே வயர் இழுத்துப் பூட்டிய பிரித்தானிய ஓட்டுநர் வரை எல்லோரும் மாற்றிப் பூட்டியவர்கள்தான். அவர்கள் பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்று பூட்டினார்கள். இன்று கறுப்புக் கண்ணாடி போட்டு, நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒளித்து, தெரியாமல் இருக்கப் பூட்டுகிறோம். இரண்டுக்கும் கராஜில் ஒரே பெயர்: 'மொடிஃபை'.

இதை மாணவரிடம் சொன்னோம். அவர் சிரித்தார். "சேர், பழைய லைட் மாட்டுக் கொம்பு மாதிரி. வடிவில்ல."

கொம்பு நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க விதியில் முன் சிக்னல் இரண்டுக்கும் இடையே குறைந்தது 16 அங்குலம், பின்னுக்கு 9 அங்குலம். ஐ.நா. விதியில் முன்னுக்கு 240 மில்லிமீட்டர், பின்னுக்கு 180. தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே புள்ளியாகச் சேர்ந்துவிடக்கூடாது, நடுவில் இருக்கும் ஹெட் லைட்டின் வெளிச்சம் பக்கத்து லைட்டை விழுங்கிவிடக்கூடாது என்பதற்காக. கார் அகலம், அதற்கு இந்தக் கவலை இல்லை. சைக்கிள் ஒடுக்கம், அதனால் கொம்பு வேண்டும்.

அவர் நம்பவில்லை. மஃரிபுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது, வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. ஒழுங்கையின் அந்தத் தொங்கலுக்குப் போய், முதுகை எங்களுக்குக் காட்டி நின்று, ஏதாவது ஒரு சிக்னலைப் போடும்படி சொன்னோம். போட்டார். சிவப்பு பின் லைட்டுக்குப் பக்கத்தில் ஏதோ மினுங்கியது. வாசலில் நின்ற எம் வீட்டார் "இடது" என்றார். நாம் "வலது" என்றோம். மதிலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு நானா "ரெண்டும் போட்டிருக்கான்" என்றார்.

போட்டது இடதாம். திரும்பி வந்தவர் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் சைக்கிளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கழற்றிய பழைய லைட்டுகள் அவர் வீட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கிடக்கின்றனவாம். பின்னுக்கு அவற்றையே திரும்பப் பூட்டி, முன்னுக்கு ஹேண்டில் நுனியில் எருதுக் கண் போடலாம் என்று முடிவு. ஒரு லென்ஸ் மட்டும் வெடித்திருக்கிறது. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், மாதிரிக்குப் பழையதைக் கையோடு கொண்டு போகும்படி சொல்லி அனுப்பினோம்.